உயிலில் மனைவியின் பெயர் இல்லையென்றால்?

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் சில, படித்துவிட்டு உடனே மடித்து வைக்க முடியாதவை. அப்படி ஒன்று இந்த முறை வந்திருக்கிறது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று சகோதரி கேட்டிருக்கிறார். விஷயத்தை மட்டும் தருகிறேன்.

“எனக்கு வயது 54. என் கணவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ரிடையர் ஆனவர். மூன்று மாதம் முன்பு தவறிவிட்டார். மாமனார், மாமியார் இல்லை. ஒரே பெண், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். காரியம் முடிந்த மறுநாள் கணவரின் அண்ணன் மகன் ஒரு உயிலைக் கொண்டுவந்து காட்டினான். நாங்கள் குடியிருக்கும் வீடும் ஒன்றரை ஏக்கர் நிலமும் அவனுக்கே என்று எழுதியிருக்கிறது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதியதாம். என்னைப் பற்றியோ பெண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. ‘சித்தி, உங்களை யாரு போகச் சொன்னா? நீங்க எங்களோடவே இருங்க. இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க’ என்கிறான். 30 வருஷம் குடித்தனம் பண்ணின எனக்கு ஒன்றுமே கிடையாதா? கையெழுத்துப் போடலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள், சகோதரி. நீட்டுகிற காகிதம் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். உயிலை ஒப்புக்கொண்ட சம்மதக் கடிதமாக இருக்கலாம். போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்குவதற்குக் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். போடாத கையெழுத்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இனி மற்ற விஷயத்துக்கு வருவோம். நம் வீடுகளில் இரண்டு விதமான நினைப்பு உண்டு. “தாலி கட்டின பெண்டாட்டிக்குப் பாதிச் சொத்து வந்தே தீரணும்” என்பது ஒன்று. “உயில்னு எழுதிட்டா அவ்வளவுதான், அப்பீலே கிடையாது” என்பது மற்றொன்று. இரண்டுமே சரியில்லை. உண்மை இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. அது தெரியாததால்தான் பல பெண்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

உயில் இல்லையென்றால் கணக்கு சுலபம். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், கணவரின் தாயார் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு சம பங்கு. இந்தச் சகோதரியின் வீட்டில் மனைவியும் ஒரே மகளும்தான். ஆகவே ஆளுக்குப் பாதி. இந்த இருவரும் இருக்கும்வரை அண்ணன் மகனுக்கு அரைக்காசு கிடையாது. இப்படி வந்த பங்கு மனைவிக்கு முழுச் சொந்தம். விற்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

ஆனால் அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு, ஓர் இந்து தன் சொத்தை உயில் மூலம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிறது. மனைவிக்கு இவ்வளவாவது ஒதுக்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. கேட்கக் கசப்பாக இருந்தாலும் சட்டம் அதுதான்.

அப்படியானால் கதை முடிந்ததா? இல்லை. உயிலைக் காட்டினால் நாம் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். எழுதிய சொத்தெல்லாம் அவருடைய சொத்துதானா? அந்த உயில் நிஜமான உயில்தானா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றே வந்தாலும், என் ஜீவனத்துக்கு வழி என்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: அவருடைய சொத்துதானா?

தனக்குச் சொந்தமில்லாததை யாரும் உயில் எழுத முடியாது. உங்கள் தாய்வீட்டார் போட்ட நகை, சீர்ப் பாத்திரம், உங்களுக்குப் பரிசாக வந்த பணம் எல்லாம் ஸ்திரீதனம். அது உங்களுடையது. அவர் உயிலில் அதற்கு இடமே இல்லை. வீடு இருவர் பேரிலும் இருந்தால், அவருடைய பாகத்தை மட்டும்தான் அவர் எழுதியிருக்க முடியும். உங்கள் நகையை விற்றுக் கொடுத்த பணத்தில் வாங்கிய வீடு அவர் பேரில் மட்டும் இருந்தால் நிரூபிப்பது கஷ்டம். என்றாலும் நகைக்கடை ரசீது, பாங்கு பாஸ்புத்தகம் ஏதாவது இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

நிலம் முன்னோர் வழி வந்த கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால், அதில் தன் பங்குக்கு மட்டுமே அவர் உயில் எழுதலாம். 2005-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் அதில் பிறப்பால் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் கல்யாணமாகாத பெண்களுக்கு 1989-லேயே இந்த உரிமை வந்துவிட்டது. ஆனால் ‘தாத்தா நிலம்’ என்பதெல்லாம் சட்டத்தின் கண்ணில் கூட்டுக் குடும்பச் சொத்து ஆகிவிடாது. மாமனார் 1956-க்குப் பிறகு காலமாகி, அவருடைய தனிச் சொத்து வாரிசு முறையில் உங்கள் கணவருக்கு வந்திருந்தால், அது பொதுவாகக் கணவரின் தனிச் சொத்தாகவே கருதப்படும். இதை வக்கீல் பத்திரங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குடும்ப ஓய்வூதியம் முழுக்க வேறு விஷயம். அது அவர் விட்டுப்போன சொத்தில் சேராது. பென்ஷன் விதிகளின்படி நேரே மனைவிக்கு வருவது. மனைவியோடு மனஸ்தாபத்தில் இருந்த ஒரு ரயில்வே ஊழியர், தமக்கு வரவேண்டியதையெல்லாம் தம்பிக்கு என்று உயில் எழுதிவிட்டார். குடும்பப் பென்ஷனை உயிலால் வேறு ஒருவருக்குத் திருப்ப முடியாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆசிரியரின் மனைவியான இந்தச் சகோதரிக்கும் இது பொருந்தும். அண்ணன் மகன் என்ன உயில் காட்டினாலும், பென்ஷனுக்கு உடனே விண்ணப்பம் போடலாம்.

இன்ஷூரன்ஸ் பாலிசியில் மனைவி நாமினியாக இருந்தால், 2015 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்துக்கு அவரே உரியவர் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் இதை வைத்துச் சில கோர்ட்டுகளில் வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பாங்கு டெபாசிட் விஷயத்தில் கவனம் தேவை. அங்கே நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர் மட்டுமே. உயில் செல்லுபடியானால், உயிலில் பெயர் உள்ளவர் அதைக் கேட்கலாம்.

இரண்டாவது கேள்வி: உயில் நிஜம்தானா?

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். ஆனால் எழுதியவர் நல்ல சுயநினைவோடு, தன் இஷ்டத்துடன் கையெழுத்திட்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்திட்டதை அவர்கள் ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தகராறு என்று வந்தால், சாட்சி உயிரோடு இருந்து வரக்கூடியவராக இருக்கும்பட்சத்தில், ஒருவரையாவது கோர்ட்டில் நிறுத்திச் சொல்ல வைக்க வேண்டும்.

முக்கியமானது இதுதான்: உயில் நிஜம் என்று நிரூபிக்கும் பாரம், அதைக் கொண்டுவந்து காட்டுகிறவர் தலையில். உயிலைச் சுற்றிச் சந்தேகமான சூழ்நிலைகள் இருந்தால், அவற்றையும் அவரேதான் விளக்கித் தீர்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1958-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. நடுங்கிய கையெழுத்து, நோயாளியின் மனநிலை, நியாயமில்லாத பங்கீடு, ஆதாயம் அடைகிறவரே முன்னின்று உயில் எழுத வைத்தது, இவையெல்லாம் கோர்ட் கவனிக்கும் விஷயங்கள்.

மனைவியின் பெயரை விட்டதே சந்தேகம் ஆகுமா? 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கு முடிந்தது. கணவர் நிலத்தையெல்லாம் உறவுப் பையனுக்கு எழுதியதாக ஒரு உயில். மனைவி என்று ஒருத்தி இருப்பதாகவே அதில் குறிப்பு இல்லை. ஏன் அவளுக்குக் கொடுக்கவில்லை என்ற காரணமும் இல்லை. மனைவிக்குக் கொடுக்காதது மட்டுமே உயிலைக் கெடுத்துவிடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் கடைசிவரை கணவரோடு இருந்த மனைவியை, அப்படி ஒருத்தி இல்லாததுபோல் விட்டிருப்பது சந்தேகத்துக்குரியது என்று முடிவு செய்தார்கள். அந்த உயில் நிற்கவில்லை.

நம் சகோதரியின் கடிதத்தை மறுபடி பாருங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதியது, மனைவி மகள் பற்றிப் பேச்சே இல்லை, ஆதாயம் அடைகிறவரே உயிலையும் கையில் வைத்திருக்கிறார். இவற்றால் உயில் பொய் என்று நான் சொல்லவில்லை. அதைச் சாட்சி கேட்டுத்தான் கோர்ட் சொல்ல வேண்டும். ஆனால் ‘நிரூபியுங்கள்’ என்று கேட்பதற்கு இவருக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குறிப்புகளை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தேதியில் அவருக்கு நினைவு எப்படி இருந்தது என்பது அதில் தெரியும்.

உயில் பதிவானது என்று சொன்னாலும் பயப்பட வேண்டாம். பதிவு ஒரு சான்று. அதுவே நிரூபணம் ஆகிவிடாது. எழுதியவர் காலமான பிறகு, பதிவான உயிலின் நகலைச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் யார் மனுச் செய்தாலும் வாங்கலாம். அண்ணன் மகனிடம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி: எல்லாம் சரியென்றால் என் கதி?

சொத்து அவருடையதே, உயிலும் நிஜமே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மனைவி வெறுங்கையோடு தெருவில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 21, 22-ஆம் பிரிவுகள் சொல்வது இது: இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்களில் மனைவி ஒருவர். அவருக்கு உயில் மூலமும் வாரிசு முறையிலும் ஒரு பங்கும் கிடைக்கவில்லை என்றால், சொத்தை வாங்கிக்கொண்டவர் அந்தச் சொத்திலிருந்து அவருக்கு ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும்.

“சித்தி, எங்களோடவே இருங்க” என்று அந்தப் பிள்ளை தயவாகச் சொல்கிறாரே, அந்தத் தயவுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. சொத்து அவர் கைக்குப் போகும்போதே உங்கள் சோறு, துணி, இருப்பிடம், வைத்தியம் என்ற பொறுப்பும் கூடவே போகிறது.

எவ்வளவு கிடைக்கும்? கடன் போக மிச்சமுள்ள சொத்தின் மதிப்பு, உங்களுக்கு நியாயமாக வேண்டிய செலவு, உங்கள் சொந்த வருமானம், கணவரோடு நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை ஆகியவற்றைப் பார்த்துக் கோர்ட் முடிவு செய்யும். பென்ஷன் வந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் கேட்கலாம். மறுமணம் செய்துகொண்டால் இந்த ஜீவனாம்சம் நின்றுவிடும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜீவனாம்ச உரிமை தானாகவே சொத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளாது. கோர்ட் டிக்ரியிலோ ஒப்பந்தத்திலோ உயிலிலோ சொல்லியிருந்தால்தான் சொத்து அதற்கு ஈடாக நிற்கும். உங்கள் உரிமை பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் பணம் கொடுத்து அதை வாங்கிவிட்டால் உங்கள் பாடு திண்டாட்டம். ஆனால் தெரிந்தே வாங்கினவர் தப்ப முடியாது. ஆகவே வீடு விலை பேசுகிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். வாங்க வருகிறவருக்கும் ஒரு பிரதி போகட்டும். வழக்குப் போடும்போது சொத்தின் மேலேயே ஈடு வைக்கவும், வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் கொடுக்கவும் கேளுங்கள்.

வீட்டைக் காலி செய்யச் சொன்னால்? கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்கள் சாமானைத் தூக்கி வெளியில் வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்ந்த உறவினரே விரட்டினால், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் குடியிருக்கும் உரிமை கேட்டு மனுப் போடலாம். கணவரை இழந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை உறுதி செய்தது.

சில உயில்களில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்: “என் மனைவி ஆயுசு உள்ளவரை அனுபவித்து, பிறகு இன்னாருக்குப் போக வேண்டியது.” ஜீவனாம்சத்துக்குப் பதிலாகக் கொடுத்த சொத்து மனைவிக்கு முழுச் சொந்தமாகிவிடும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு உயிலின் வாசகத்தையும் பொறுத்து முடிவு மாறுகிறது. ‘ஆயுசு வரைதானே’ என்று நீங்களே முடிவு கட்டாமல் வக்கீலிடம் காட்டுங்கள்.

மற்ற மதத்துச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. முஸ்லிம் சட்டப்படி, கடனும் ஈமச் செலவும் போக மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாரிசுகள் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. பாக்கியில் மனைவிக்கு, பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒரு பங்கு, இல்லையென்றால் நாலில் ஒரு பங்கு. தராத மஹர் தொகை கணவரின் கடனாகவே நிற்கும். முதலில் அதைக் கேளுங்கள். கிறிஸ்தவர்களுக்கு உயில் இல்லையென்றால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. உயில் இருந்தால் அதற்கு இப்படி வரம்பு இல்லை. ஆகவே அங்கே முதல் இரண்டு கேள்விகள் மிகவும் முக்கியம்.

இப்போது செய்ய வேண்டியது

துக்க வீட்டில் யார் என்ன காகிதம் நீட்டினாலும், “பொண்ணு வரட்டும், படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லி வாங்கி வையுங்கள். பிறகு:

இறப்புச் சான்றிதழும் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழும் வாங்குங்கள்.

வீடு, நிலம் இரண்டுக்கும் வில்லங்கச் சான்று போட்டு, பத்திர நகல், பட்டா நகல் எடுங்கள்.

உயிலின் நகலைப் பெற்று, சாட்சிகள் யார், தேதி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பென்ஷனுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள்.

உயிலை உறுதி செய்யக் கேட்டுக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால், ‘வரலைன்னா என்ன’ என்று இருந்துவிடாமல், ஆட்சேபணை தெரிவியுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் போன் செய்தும் கேட்கலாம்.

இளம் வயதுச் சகோதரிகளே, இது எனக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீடு வாங்கும்போது இருவர் பேரிலும் பத்திரம் பதியச் சொல்லுங்கள். புதிதாக ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, 1874-ஆம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தைப் பூர்த்தி செய்தால் போதும். அந்தப் பணம் மனைவி மக்களுக்காக ஒதுக்கியதாக நின்றுவிடும். உயிலும் தொடாது, கடன்காரரும் தொடமாட்டார். இன்று சாயங்காலம் காபி கொடுக்கும்போதே பேச்சை எடுக்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருந்தால், இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி மேஜை மேல் வைத்துவிடுங்கள்.